மலையின் வரைபடமும் மேசைக் கணனியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊவா மலைகளில் மழை இறங்கத் தொடங்கியதும் பதுளை மாவட்டத்தின் தோட்டக் குடியிருப்புகளில் உறக்கம் குறைந்துவிடுகின்றது. ஹல்துமுல்ல முதல் பசறை வரை, கொஸ்லாந்தை முதல் மடுல்சீமை வரை, மலைச்சரிவில் வாழும் மக்கள் இரவில் எழுந்து லயத்தின் பின்புறத்து மண்ணைப் பார்க்கின்றனர். முன்பெல்லாம் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் இப்போது கையடக்கத் தொலைபேசியைப் பார்க்கின்றனர். எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை, எந்தப் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்ற செய்தி அந்தச் சிறு திரையில் வந்து நிற்கின்றது.

அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கின்றது. அந்த வரைபடத்திற்குப் பின்னால், சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் ஆய்வுகூடங்களில் மேசைமேல் ஏறிய ஒரு வகைக் கணனியின் வரலாறு இருக்கின்றது. 'வேர்க்ஸ்டேஷன்' என்று அழைக்கப்பட்ட பணிநிலையக் கணனியே அது. யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கொண்டு இயங்கிய அந்த இயந்திரங்கள் இன்று விற்பனையில் இல்லை. அவற்றைச் செய்த நிறுவனங்களிற் பெரும்பாலானவையும் இல்லை. ஆயினும் அவை விட்டுச்சென்ற முதுசம் இன்று ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றது. எமது மாணவர்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஒரு வரியாக மனனம் செய்துவிட்டுக் கடந்துசெல்லும் இவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

பொதுக் குழாயும் வீட்டுக் குழாயும்

1970களில் கணனி என்பது ஒரு நிறுவனம் முழுவதற்கும் பொதுவான சொத்து. குளிரூட்டப்பட்ட அறையில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அதிலிருந்து கம்பிகள் இழுக்கப்பட்டு, பல மேசைகளில் விசைப்பலகையும் திரையும் மட்டுமே கொண்ட முனையங்கள் வைக்கப்பட்டிருக்கும். இருபது முப்பது பேர் ஒரே இயந்திரத்தின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வர். இது லயத்து முற்றத்தில் உள்ள ஒரேயொரு பீலியில் இருபது வீட்டாரும் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. அதிகாலை இரண்டு மணிக்கு வந்தவருக்குக் குடம் விரைவில் நிறையும். எல்லோரும் வரும் வேளையில் வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான்.

யுனிக்ஸ் பிறந்ததும் இத்தகைய சூழலிற்றான். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் பி.டி.பி-7 என்னும் சிறு கணனியில் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1973 இல் அதன் மையப்பகுதி 'சி' என்னும் நிரல் மொழியில் மீள எழுதப்பட்டது. வன்பொருள் வரலாற்றைப் பொறுத்தவரையில் இதுவே திருப்புமுனை எனலாம். அதுவரை ஒவ்வொரு கணனிக்கும் அதற்கே உரிய இயக்க முறைமையை அடியிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 'சி' மொழியில் எழுதப்பட்ட யுனிக்ஸையோ, மொழிமாற்றும் நிரல் ஒன்றைத் தயாரித்துவிட்டால், அளவான திருத்தங்களுடன் புதிய இயந்திரத்திற்குக் கொண்டுசெல்ல முடிந்தது. ஆகவே புதிதாகக் கணனி செய்ய விரும்பும் ஒரு சிறு நிறுவனம் இயந்திரத்தை மட்டும் வடிவமைத்தாற் போதும் என்ற நிலை உருவானது.

பெல் ஆய்வுகூடத்தின் தாய் நிறுவனம் ஒரு சட்ட உடன்பாட்டின் காரணமாக அக்காலத்தில் கணனி வியாபாரத்தில் ஈடுபட முடியாதிருந்தது. அதனால் யுனிக்ஸ் மூல நிரல் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் அதனைப் பெற்று விரிவாக்கியது. 1983 இல் வெளியான பேர்க்லியின் 4.2 பதிப்பில், இன்றைய இணையத்தின் அடிப்படையான தொடர்பாடல் விதிமுறைகள் உள்ளடக்கப்பட்டிருந்தன. அதாவது, யுனிக்ஸை வாங்கியவர் வலையமைப்பையும் சேர்த்தே வாங்கினார்.

ஒருவருக்கு ஒரு கணனி

'ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குழாய்' என்ற எண்ணத்தை முதலில் செய்துகாட்டியது ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆய்வு நிலையமாகும். 1973 இல் அங்கு இயங்கிய 'அல்ட்டோ' என்ற கணனியில் மூன்று விடயங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. எழுத்துகளை மட்டுமன்றி எந்த உருவத்தையும் புள்ளிகளாகக் காட்டவல்ல திரை முதலாவது. கையால் நகர்த்தும் சுட்டி இரண்டாவது. கணனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் வலையமைப்பு மூன்றாவது. அல்ட்டோ சந்தைக்கு வரவில்லை. ஆனால் அதனைப் பார்த்தவர்கள் அதனை மறக்கவில்லை.

அத்தகைய ஒன்றை விற்பனைக்குரிய விலையில் செய்வதற்குச் சக்திவாய்ந்த நுண்செயலி ஒன்று தேவைப்பட்டது. 1979 இல் மோட்டொரோலா நிறுவனம் வெளியிட்ட 68000 என்ற சில்லு அத்தேவையை நிறைவேற்றியது. உள்ளே 32 பிட் அகலமுள்ள பதிவகங்கள், 16 மெகாபைட் வரையிலான நினைவகத்தைச் சுட்டும் ஆற்றல் என்பன அதில் இருந்தன. ஏறக்குறைய ஒரு சிறு கணனியின் மூளை ஒரு விரலளவு சில்லில் அடங்கிவிட்டது.

அக்காலத்தில் பொறியியலாளர்கள் ஓர் இலக்கை வகுத்திருந்தனர். செக்கனுக்குப் பத்து இலட்சம் கட்டளைகள், பத்து இலட்சம் பைட் நினைவகம், பத்து இலட்சம் புள்ளிகள் கொண்ட திரை ஆகிய மூன்றையும் கொண்ட கணனி ஒன்று ஒருவரின் மேசையில் இருக்க வேண்டும் என்பதே அது. ஆங்கிலத்தில் 'மெகா' என்ற சொல்லைக் கொண்டு இதனை 'மூன்று எம்' என்று அழைத்தனர்.

1980 இல் தொடங்கப்பட்ட அப்பலோ நிறுவனம் 1981 இல் இத்தகைய பணிநிலையக் கணனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது யுனிக்ஸை அன்றித் தனது சொந்த இயக்க முறைமையையே பயன்படுத்தியது. இதே காலத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்டி பெக்டொல்ஷைம், பல்கலைக்கழக வலையமைப்பிற்கென 68000 சில்லைக் கொண்டு ஒரு கணனிப் பலகையை வடிவமைத்திருந்தார். டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்று ஸ்டான்போர்ட் சென்ற வினோத் கோஸ்லா, ஸ்கொட் மெக்நீலி ஆகியோர் அவருடன் இணைந்து 1982 பெப்ரவரியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். பேர்க்லியில் யுனிக்ஸை வளர்த்தவர்களுள் முதன்மையானவரான பில் ஜோயும் விரைவில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 'ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வலையமைப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே 'சன்' என்ற பெயராகின. இவ்வாறு பிறந்ததே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம்.

சன்-1 என்ற அதன் முதற் கணனியில் 10 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 68000 செயலி இருந்தது. நினைவகம் 256 கிலோபைட்டிலிருந்து தொடங்கியது. திரையில் 1024 இற்கு 800 என்ற கணக்கில் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 4 கிகாபைட் நினைவகமுள்ள தொலைபேசி, அந்த 256 கிலோபைட்டைப் போல 16,384 மடங்கு நினைவகத்தைக் கொண்டது என்பதை ஒப்புநோக்கினால் காலத்தின் வேகம் புரியும்.

கணக்கப்பிள்ளையின் பேரேடு

இவ்வியந்திரங்களின் உள்ளமைப்பில் ஒரு சுவையான சிக்கல் இருந்தது. அதனைத் தோட்டத்து உதாரணம் ஒன்றினால் விளக்கலாம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை பெயரேட்டைத் திறந்துவைத்து எடையைப் பதிகின்றார். மேசையில் சில பக்கங்களுக்கு மட்டுமே இடமுண்டு. மிகுதிப் பக்கங்கள் தோட்ட அலுவலகத்தில் இருக்கின்றன. தேவையான பக்கம் மேசையில் இல்லையெனில், ஆளனுப்பி அதனை எடுத்துவரச் செய்து, விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடர வேண்டும். கணனியில் மேசை என்பது நினைவகம். அலுவலகம் என்பது வட்டு. சிறிய நினைவகத்தைக் கொண்டு பெரிய வேலைகளைச் செய்விக்கும் இந்த உத்தியே மெய்நிகர் நினைவகம் எனப்படுகின்றது.

68000 சில்லின் குறை யாதெனில், பக்கம் வந்து சேர்ந்ததும் தான் எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை அதனால் முழுமையாக நினைவில் வைத்திருக்க முடியவில்லை. கட்டளை ஒன்றின் நடுவில் தடைப்பட்டால் அதனை நம்பகமாக மீளத் தொடங்க அதற்கு வழியில்லை. பாதி எழுதிய எடையை மறந்துவிட்ட கணக்கப்பிள்ளையின் நிலைதான் அது.

அப்பலோ நிறுவனம் இதற்கு விசித்திரமான தீர்வொன்றைக் கண்டது. ஒரே கணனியில் இரண்டு 68000 சில்லுகளை வைத்தது. பக்கம் இல்லையெனில் முதலாவது சில்லு எழுதிய கையை எடுக்காமல் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டாவது சில்லு சென்று பக்கத்தைக் கொண்டுவரும். பின்னர் முதலாவது எதுவும் நடவாததுபோல் தொடரும். அடுத்து வந்த 68010 சில்லில் மோட்டொரோலா இக்குறையை நீக்கியது. அதனைப் பயன்படுத்திய சன்-2 கணனி 1983 இல் வெளிவந்தது. பேர்க்லி யுனிக்ஸின் முழு ஆற்றலும் ஒருவரின் மேசைக்கு வந்தது அதன் பின்னரே.

வட்டு அக்காலத்தில் மிக விலையுயர்ந்த உறுப்பு. எனவே சன் நிறுவனம் வட்டே இல்லாத கணனிகளையும் விற்றது. ஓர் அறையில் உள்ள பத்துக் கணனிகள், வலையமைப்பு வழியாக ஒரேயொரு பெரிய கணனியின் வட்டைப் பயன்படுத்தும். 1984 இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய 'என்.எஃப்.எஸ்.' என்னும் வலையமைப்புக் கோப்பு முறை இதனை இலகுவாக்கியது. 'வலையமைப்பே கணனி' என்பது அந்நிறுவனத்தின் முழக்கமாகியது. இன்று எமது புகைப்படங்கள் தொலைதூரத்துச் சேமிப்பகங்களில் இருக்க நாம் கையில் ஒரு திரையை மட்டும் வைத்திருக்கின்றோம். இந்த ஏற்பாட்டின் வேரும் அங்கேதான் உள்ளது.

1980களின் பிற்பகுதியில் செயலியின் வடிவமைப்பே மாறியது. சிக்கலான கட்டளைகள் பலவற்றை வைத்திருப்பதைவிட, எளிய கட்டளைகள் சிலவற்றை மிக வேகமாகச் செய்வதே மேல் என்று பேர்க்லியில் டேவிட் பற்றர்சனும் ஸ்டான்போர்டில் ஜோன் ஹெனசியும் நிறுவினர். 'றிஸ்க்' எனப்பட்ட இக்கொள்கையின் வழியில் சன் நிறுவனம் 1987 இல் 'ஸ்பார்க்' செயலியை வெளியிட்டது. 1989 இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1, மூன்று அங்குல உயரமே உள்ள தட்டையான பெட்டியில் அடங்கியது. சிலிக்கன் கிரபிக்ஸ், டிஜிட்டல், ஐ.பி.எம்., ஹியூலெட் பக்கார்ட் ஆகிய நிறுவனங்களும் தத்தமது றிஸ்க் கணனிகளுடன் போட்டியிட்டன. அப்பலோவை 1989 இல் ஹியூலெட் பக்கார்ட் வாங்கிக்கொண்டது. ஸ்டீவ் ஜொப்ஸ் 1988 இல் வெளியிட்ட 'நெக்ஸ்ட்' என்ற யுனிக்ஸ் கணனியில்தான் 1990 இல் டிம் பேர்ணர்ஸ் லீ உலகளாவிய வலையின் முதல் நிரல்களை எழுதினார்.

இலங்கைக்கு வந்த வழி

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த வேளையில் எமது நாடு எங்கே இருந்தது? உள்நாட்டுப் போரும் தென்னிலங்கைக் கிளர்ச்சியும் பல்கலைக்கழகங்களை மூடவைத்திருந்த காலம் அது. அத்தகைய சூழலிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவும் அவரது சகாக்களும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பொன்றைத் திட்டமிட்டனர். 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை 1990 அளவில் தொடங்கியது. அதே ஆண்டில் இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் இணைய முகவரி ஈறும் கிடைத்தது. பேராசிரியர் இந்துருவ 2014 இல் உலக இணையச் சாதனையாளர் மண்டபத்தில் இடம்பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்றைய மின்னஞ்சல் இன்றையதைப் போன்றதன்று. நிரந்தர இணைப்பு இல்லாத நாடுகளில் 'யு.யு.சி.பி.' என்னும் முறை பயன்பட்டது. ஒரு யுனிக்ஸ் கணனியிலிருந்து மற்றொரு யுனிக்ஸ் கணனிக்குக் கோப்புகளைப் பிரதி செய்யும் முறை என்பதே அப்பெயரின் பொருள். பகல் முழுவதும் சேர்ந்த கடிதங்களை ஒரு கணனி வைத்துக்கொண்டிருக்கும். குறித்த நேரத்தில் தொலைபேசி இணைப்பை ஏற்படுத்தி அவற்றை அடுத்த கணனிக்குக் கையளிக்கும். பதுளைப் புகையிரதத்தில் தபாற் பைகள் நிலையம் நிலையமாக ஏறி இறங்கிய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இக்கணனிகள் பல்லாயிரம் டொலர் பெறுமதியானவை. ஆகவே அவை கொழும்பையும் மொறட்டுவையையும் பேராதனையையும் அண்டியே இருந்தன. ஊவாவின் தோட்டப் பாடசாலையில் கல்வி கற்ற பிள்ளை அவற்றைக் காண வேண்டுமாயின் பல்கலைக்கழக அனுமதி பெற்று மலையிறங்க வேண்டும். அக்காலத்தில் மலையகத்திலிருந்து பொறியியல், விஞ்ஞான பீடங்களுக்குச் சென்றோர் எத்தகைய சிறு தொகையினர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 2005 இல் ஆகும். கணனி விஞ்ஞானப் பட்டப்படிப்பு பசறை வீதிக்கு வந்தபோது, பணிநிலையக் கணனிகளின் யுகம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது.

புள்ளிகளாய் வந்த எழுத்து

பணிநிலையக் கணனி எமக்கு அளித்த கொடைகளில் ஒன்று, எம்மொழியில் எழுதும் வசதியாகும். பழைய முனையத் திரை, ஒரு வரிக்கு 80 எழுத்து, 24 வரி எனக் கட்டம் போட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே செதுக்கப்பட்ட ஆங்கில எழுத்து ஒன்றையே அது காட்டும். 'ஞை' என்ற எழுத்தின் அகலமும் 'ஊ' என்ற எழுத்தின் வளைவும் அக்கட்டத்தில் அடங்குவதில்லை. வலமிருந்து இடமாகச் சென்று, இடத்திற்கேற்ப உருமாறி ஒன்றோடொன்று இணையும் அரபு எழுத்துக்கும் அதே கதிதான்.

புள்ளித் திரை இத்தடையை நீக்கியது. அதற்கு எழுத்தும் ஒரு சித்திரமே. எட்டு இலட்சம் புள்ளிகளில் எதை ஒளிரவைப்பது என்பதை நிரல் தீர்மானிக்கும்போது எந்த மொழியையும் வரையலாம். அல்ட்டோவைச் செய்த அதே ஸெரொக்ஸ் நிறுவனத்தில் பன்மொழிக் கணனியில் உழைத்த ஜோ பெக்கர், உலகின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே குறியீட்டுத் தொகுதி வேண்டும் என்று 1988 இல் முன்வைத்த யோசனையே யுனிகோட் ஆகியது. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் அரபும் இடம்பெற்றன. சிங்களம் 1999 இல் சேர்ந்தது. யுனிக்ஸைப் படைத்த கென் தொம்சன், ரொப் பைக்குடன் சேர்ந்து 1992 இல் வகுத்த 'யு.டி.எஃப்-8' என்ற முறையிலேயே இன்று எமது இணையப் பக்கங்கள் பெரும்பாலும் பயணிக்கின்றன. 2010 இல் '.இலங்கை' என்ற தமிழ் இணைய முகவரி ஈறு அங்கீகாரம் பெற்றதும் இவ்வழியின் தொடர்ச்சியே.

ஆகவே, இன்று ஓர் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்பத் தொழினுட்பம் இடந்தரவில்லை என்று எவரும் கூற முடியாது. அந்தச் சாக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

ஆறு தாள்களும் ஒரு மலையும்

இனி வரைபடத்திற்கு வருவோம். 1980களில் மலையகத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவுகளைத் தொடர்ந்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் மண்சரிவு அபாய வலய வரைபடத் திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவி அதற்குக் கிடைத்தது. முதலில் தெரிவான மாவட்டங்கள் இரண்டு. ஒன்று நுவரெலியா, மற்றது பதுளை.

ஒரு சரிவு எப்போது சரியும் என்பதைத் துல்லியமாகக் கூற எவராலும் முடியாது. ஆனால் எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை மதிப்பிடலாம். அதற்கு ஆறு காரணிகள் கவனிக்கப்படுகின்றன. அடிப்பாறையின் தன்மை, மேல் மண்படை, சரிவின் சாய்வு, நீர்வடியும் வழிகள், நில அமைப்பு, நிலப் பயன்பாடு என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வரைந்து, ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் புள்ளியிட்டுக் கூட்டினால் அபாயத்தின் அளவு வெளிப்படும்.

கையால் இதனைச் செய்வது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1:10,000 என்ற அளவுத்திட்டத்தில் வரைபடத்தின் ஒரு சென்ரிமீற்றர் தரையில் 100 மீற்றர். முப்பது மீற்றர் நீளமான ஒரு லயம் அதில் மூன்று மில்லிமீற்றர் கோடு மட்டுமே. அந்தக் கோடு சிவப்பு நிறத்தின் இப்பக்கமா அப்பக்கமா என்பதுதான் பல குடும்பங்களின் உயிர்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இந்த வேலையைக் கணனி செய்வதையே புவியியல் தகவல் முறைமை என்கிறோம். 1982 இல் அறிமுகமான 'ஆர்க்-இன்ஃபோ' போன்ற மென்பொருள்கள், அத்தசாப்தத்தின் பிற்பகுதியிலும் 1990களிலும் உலகெங்கும் பெரும்பாலும் யுனிக்ஸ் பணிநிலையக் கணனிகளிலேயே இயங்கின. பெரிய புள்ளித் திரை, மெய்நிகர் நினைவகம், வலையமைப்பின் பொது வட்டு ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு மாவட்டத்தின் நிலவமைப்பைத் திரையில் கொண்டுவருவது அன்று இயலாத காரியம். பொறியியலாளர்கள் இரண்டு சில்லுகளை அருகருகே வைத்துப் போராடியது வீண் வேலையன்று என்பதற்கு இதனைவிட நல்ல சான்று தேவையில்லை.

வரைபடம் வந்தது, மக்கள் நகரவில்லை

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போனவர்கள் பலரின் உடல்கள் கூட மீட்கப்படவில்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. அறிவுறுத்தல் இருந்தது. ஆனால் போவதற்கு வேறு நிலமும் வீடும் அந்த மக்களுக்கு இருக்கவில்லை.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண்சரிவு. பல குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளியில் நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. தோட்டத் தொழிலாளியும், பதுளை, வெலிமடை, பண்டாரவளை நகர்களில் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் வர்த்தகரும், அயலிலுள்ள சிங்கள விவசாயியும் ஒரே மலையின் கீழ்தான் உறங்குகின்றனர். சரியும் மலை இனமோ மதமோ கேட்பதில்லை. ஆனால் எச்சரிக்கை மொழி பார்த்து வருமாயின் இழப்பும் மொழி பார்த்தே அமையும்.

மறைந்த இயந்திரம், மறையாத பாடம்

பணிநிலையக் கணனிகளின் முடிவு விரைவாகவே வந்தது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சாதாரண மேசைக் கணனியில் இயங்கும் யுனிக்ஸ் போன்றதொரு முறைமையை எழுதத் தொடங்கினார். அது லினக்ஸ் ஆகியது. 1990களின் நடுப்பகுதியில் மலிவான இன்டெல் செயலிகளின் வேகம் விலையுயர்ந்த றிஸ்க் செயலிகளை எட்டிப்பிடித்தது. பத்தில் ஒரு பங்கு விலைக்கு அதே வேலை நடக்குமென்றால் எவர் பெரிய விலை கொடுப்பர்? சிலிக்கன் கிரபிக்ஸ் நிறுவனம் 2006 இலும் 2009 இலும் வங்குரோத்து நிலையை அறிவித்தது. சன் நிறுவனத்தை 2010 இல் ஒரக்கிள் வாங்கியது.

ஆயினும் அந்த மரத்தின் விதைகள் எங்கும் முளைத்தன. நெக்ஸ்ட் கணனியின் யுனிக்ஸ் முறைமையை அப்பிள் நிறுவனம் வாங்கித் தனது கணனிகளுக்கும் பின்னர் ஐபோனுக்கும் அடித்தளமாக்கியது. அன்ட்ரொய்ட் தொலைபேசியின் மையம் லினக்ஸ். அதனுள்ளிருக்கும் 'ஆர்ம்' செயலி றிஸ்க் கொள்கையின் வழிவந்தது. மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் இடுப்புப் பையில் இருக்கும் தொலைபேசி, சன்-1 கணனியின் கொள்ளுப்பேரன் என்று சொன்னால் அது மிகையன்று.

இதிலிருந்து நாம் பெறவேண்டியவை சில உண்டு. முதலாவது, எமது பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு சில மென்பொருள்களை இயக்கும் பயிற்சியாக நின்றுவிடக் கூடாது. லினக்ஸும், இலவசமாகக் கிடைக்கும் 'கியூ-ஜி.ஐ.எஸ்.' போன்ற வரைபட மென்பொருளும் பழைய கணனியொன்றில் கூட இயங்கும். தமது பாடசாலையையும் தோட்டத்தையும் மாணவரே வரைபடமாக்கலாம். எந்த ஓடை எந்த லயத்தின் பின்னால் இறங்குகின்றது என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவர்? ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளும் இதில் கைகோர்ப்பது கடினமான காரியமன்று.

இரண்டாவது, எச்சரிக்கையின் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் கவனமும், 100 ஐக் கடந்தால் ஆயத்தமும், 150 ஐக் கடந்தால் இடம்பெயர்வும் தேவை என்பது பொதுவான கணக்கு. தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தால் அதனைப் பார்த்துச் சொல்ல ஒரு மாணவன் போதும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், எந்தச் செய்தியையும் எதிர்பாராமல் அகன்றுவிட வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. இரண்டு சில்லுகளைப் பக்கத்தில் வைத்து நினைவக மறதியைத் தீர்த்த மனிதர்களின் கெட்டித்தனம் எம்மை வியக்கவைக்கின்றது. ஆனால் மீரியபெத்தையில் மறந்தது கணனியன்று. 2005 இல் எழுதிய பக்கம் மேசைக்கு வந்தும், விட்ட இடத்திலிருந்து தொடர எவரும் இருக்கவில்லை. பாதுகாப்பான காணியும் அதற்குரிய உறுதிப் பத்திரமும் வீடும் வழங்கப்படாதவரை, மிகத் துல்லியமான வரைபடமும் இழவு வீட்டில் வாசிக்கும் அறிக்கையாகவே முடியும்.

கணக்கிடும் வேலையைக் கணனி எப்போதோ செய்து முடித்துவிட்டது. எஞ்சியுள்ள வேலை மனிதர்களுடையது. அடுத்த மழைக்கு முன் அதைத் தொடங்குமாறு உரியவர்களை வலியுறுத்துவது எமது கடமையாகும்.